கை சுத்தமானவர்

அவரோடு நான்கு வருடம் வேலை பார்த்தேன். அந்த நான்கு வருடத்தில் "தெரியாது" என்று அவர் சொல்லி ஒருமுறைகூடக் கேட்டதில்லை. சிலருக்குப் பாட வராது, சிலருக்கு நீச்சல் வராது. அவருக்கு அந்த ஒரு சொல் வராது.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே இதைப் பார்த்துவிட்டேன். டத்தோ கிராமாட் சாலையில் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு எதிரே ஒரு பேருந்து நிறுத்தம் உண்டு. நாங்கள் இருவரும் மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு சாலையைக் கடக்க நின்றபோது, வயதான சீனப் பெண்மணி ஒருவர் அவரிடம் பாயான் பாருவுக்கு எந்தப் பேருந்து என்று மலாயில் கேட்டார். இவர் யோசிக்கவே இல்லை. அப்போது வந்து நின்ற பேருந்தைக் கைகாட்டி, அந்த அம்மாளின் காய்கறிப் பையைத் தானே தூக்கி உள்ளே வைத்தார். பேருந்து நகர்ந்த பிறகுதான் அதன் பின்கண்ணாடியில் வேறு திசையிலுள்ள ஆயர் ஈத்தாமின் பெயர் ஓடுவதை நான் கவனித்தேன். அவரும் கவனித்தார். ஆயர் ஈத்தாம் போய் மாறிக்கொண்டால் நெரிசல் இல்லாமல் போகலாம், உள்ளூர்க்காரர்களுக்குத்தான் அந்த வழி தெரியும் என்று எனக்கு விளக்கம் சொன்னார். நான் பிறந்து வளர்ந்ததே டத்தோ கிராமாட்டில்தான்.

எல்லோரும் அவரை டாக்டர் என்றுதான் கூப்பிட்டோம். அந்தப் பட்டத்துக்கான ஆய்வேட்டை அவர் கடைசிவரை சமர்ப்பிக்கவே இல்லை என்ற விஷயம், ஒரு தீபாவளிக்கு அவர் வீட்டுக்குப் போனபோது அவருடைய மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும். படித்துப் பார்க்கிற தேர்வாளர்களுக்குப் புரியாது என்பதால் கொடுக்கவில்லையாம். அந்த அம்மாள் இதை முறுக்குத் தட்டை நீட்டியபடி, மழை வந்ததைச் சொல்வதுபோலச் சொன்னார். அன்றைக்கே இன்னொரு கதையும் சொன்னார். அலோர் ஸ்டாரில் ஒரு கல்யாணத்துக்கு விடியற்காலையில் கிளம்பியிருக்கிறார்கள். தீவிலிருந்து பாலம் தாண்டியதும் வடக்கே திரும்ப வேண்டியவர் தெற்கே திரும்பிவிட்டார். மனைவி இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டார். ஒன்றரை மணி நேரம் கழித்து தைப்பிங் வந்தது. உடனே அவர், உனக்கு ஏரியைக் காட்டலாம் என்றுதான் இந்தப் பக்கம் வந்தேன் என்றாராம். பட்டுப்புடவையோடு ஏரியைச் சுற்றி நடந்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். கல்யாணத்துக்கு எடுத்துப்போன அன்பளிப்பும் தைப்பிங் போய்ப் பத்திரமாக வீடு திரும்பியது.

கேட்டபோது சிரித்தேன். சிரிக்க முடிந்ததற்குக் காரணம், நான் அந்தக் காரில் உட்கார்ந்திருக்கவில்லை.

எங்கள் ஆய்வுக்கூடம் ஒரு கடைவீட்டின் மாடியில் இருந்தது. கீழே டயர் கடை. தேன் விற்பவர்கள் புட்டியில் கொண்டுவந்து தருவார்கள். அதில் சீனிப்பாகு கலந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது எங்கள் பிழைப்பு. முதலாளி ஈப்போவில் இருந்தார். மாதம் ஒருமுறை வருவார், தேநீர் குடிப்பார், போய்விடுவார். மற்ற நேரமெல்லாம் டாக்டர் வைத்ததுதான் சட்டம். தேன் பரிசோதனை அவருடைய தகுதிக்குக் குறைந்த வேலை. ஆகவே தேனை என்னிடம் தள்ளிவிட்டு, அவர் தேனீயைப் பிடித்துக்கொண்டார்.

இங்கே எல்லோரும் கெலுலுட் என்று சொல்கிற கொடுக்கில்லாத் தேனீதான் அவருடைய ஆராய்ச்சி. ஈயைவிடக் கொஞ்சம் சிறியது, கறுப்பு. கொட்டத் தெரியாது, ஆனால் கடிக்கும், தலைமுடிக்குள் புகுந்துகொண்டு பிசினை ஒட்டிவிடும். கூட்டின் வாசலில் மெழுகாலும் பிசினாலும் ஒரு குழல் கட்டி, அதன் விளிம்பில் காவல் நிற்கும். உள்ளே வருகிற ஒவ்வொன்றையும் காவல் தேனீ தன் உணர்கொம்பால் தடவிப் பார்க்கும். தேனீயின் உடம்பின்மேல் கண்ணுக்குத் தெரியாத மெழுகுப் பூச்சு ஒன்று இருக்கிறது. அதில் பல வேதிப்பொருட்கள் கலந்திருக்கும். கலப்பின் அளவு கூட்டுக்குக் கூடு மாறும். நம் வீட்டு ஆளா, அந்நியரா என்பதை அந்தக் கலப்பைத் தொட்டு அறிந்துகொள்ளும். அந்நியர் என்றால் கட்டிப் புரண்டு, இரண்டுமே சாகும்வரை விடாது.

அந்தப் பூச்சைப் படிப்பது ஒன்றும் மந்திரமில்லை. தேனீயைக் குளிரில் உறைய வைத்து, இடுக்கியால் எடுத்து, சின்னக் கண்ணாடிக் குப்பியில் ஹெக்ஸேன் திரவத்தில் சில நிமிடம் முக்கினால் மெழுகு கரைந்து வரும். அதில் ஒரு துளியை இயந்திரத்துக்குள் செலுத்தினால், கலந்திருக்கும் பொருட்களைப் பிரித்து ஒவ்வொன்றையும் ஒரு கூம்பாகத் திரையில் வரையும். மலைத்தொடர் மாதிரி இருக்கும். இதில் கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: கையுறை போடாமல் எதையும் தொடக்கூடாது. மனிதத் தோலின் எண்ணெய் பட்டால் அதுவும் கூம்பாக வந்து நிற்கும்.

அவர் கையுறை போடமாட்டார். இடுக்கியும் பிடிக்கமாட்டார். செத்த தேனீயை விரல் நுனியால் இறக்கையைப் பிடித்துத் தூக்குவார். யோசிக்கும்போது நெற்றியையும் மூக்கின் பக்கவாட்டையும் மூன்று விரலால் அழுத்தித் தேய்க்கிற பழக்கம் வேறு அவருக்கு உண்டு. தேய்த்த அதே விரல்தான் தேனீயையும் பிடிக்கும். நான் சேர்ந்த புதிதில் கையுறைப் பெட்டியை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன். அதைத் திரும்ப என் பக்கம் நகர்த்திவிட்டு, "என் கை சுத்தம்மா" என்றார். பிறகு நூறு தடவை அந்த வாக்கியத்தைக் கேட்டிருக்கிறேன். பொய்யில்லை. ஒரு பேனாவைக்கூட வீட்டுக்கு எடுத்துப் போகாத மனிதர்.

தேனீக்களை நாங்கள் பைராம் தோட்டத்திலிருந்து எடுத்துவந்தோம். நிபோங் திபாலுக்குப் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் அது. அங்கே தமிழ்ப்பள்ளியில் சிற்றுண்டிச்சாலை நடத்திக்கொண்டிருந்த மல்லிகா அக்கா, வீட்டுக்குப் பின்னால் கால்வாய் ஓரமாகப் பத்துப் பெட்டி கெலுலுட் வளர்த்தார். கணவர் இறந்த பிறகு தனியாகவே பார்த்துக்கொண்டார். காலையில் மோட்டார் சைக்கிளில் பள்ளிக்கூடம், மதியத்துக்குமேல் தேனீ. அவர் யாரிடமும் பாடம் படித்து வளர்த்தவரில்லை. எது எப்படி என்று தெரியாவிட்டால் தெரியவில்லையே என்று சொல்லிவிடுவார். பிறகு பார்த்துக்கொண்டே இருந்து தெரிந்துகொள்வார். அதனாலேயே எனக்கு அவரைப் பிடித்திருந்தது.

பைராம் தேனீக்களை டாக்டர் யாரையும் தொடவிடாமல் தாமே பரிசோதனைக்குத் தயார் செய்தார். மற்ற இடத்துத் தேனீக்களை நான் தயார் செய்தேன். ஒருநாள் இரண்டையும் திரையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, பைராம் தேனீக்களின் வரைபடத்தில் மட்டும் வலது ஓரமாக ஓங்கி ஒரு கூம்பு நின்றது. என் தேனீக்களில் அது இல்லை. டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். பத்துக் கூடுகள் கால்வாய் ஓரம் சண்டையில்லாமல் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதன் ரகசியம் இதுதான் என்றார். அதற்கு அமைதி வாசனை என்று பெயரும் வைத்துவிட்டார்.

இயந்திரத்தின் பெயர்ப்பட்டியல் அதை ஸ்குவாலீன் என்றது. மனிதத் தோலில் சுரக்கும் எண்ணெயில் நிறைய இருக்கிற பொருள். நெற்றியிலும் மூக்கிலும் இன்னும் அதிகம்.

நான் ஒரு வேலை செய்தேன். ஒரு புதுக் குப்பியைக் கழுவி உலர்த்தி, இதைக் கொஞ்சம் பிடிங்க டாக்டர் என்று அவர் கையில் கொடுத்து வாங்கினேன். அவர் விரல் பட்ட பக்கத்தை ஹெக்ஸேனால் அலசி, அந்தத் துளியை இயந்திரத்தில் விட்டேன். தேனீ என்பதே இல்லாத குப்பி. அதே இடத்தில் அதே கூம்பு வந்தது. அச்செடுத்து அவர் மேசையில் வைத்தேன். அவர் நீண்ட நேரம் பார்த்தார். அந்த ஒரு நிமிடம், வராத அந்தச் சொல்லை இவர் சொல்லிவிடப் போகிறார் என்றே நினைத்தேன்.

"குப்பியக் கழுவுனது நீங்கதானேம்மா?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன். அப்படியானால் கழுவிய லட்சணம் அப்படி என்றார். இயந்திரமும் அழுக்காக இருக்கிறது, மூன்று நாள் அதைச் சுத்தம் செய்யுங்கள் என்றார். மனிதத் தோலில் இருக்கிற ஒன்று தேனீத் தோலில் இருக்கக்கூடாது என்று சட்டமா என்றும் கேட்டார். நான் மூன்று நாள் இயந்திரத்தைச் சுத்தம் செய்தேன். அந்த மூன்று நாளில் அவர்மேல் எனக்கிருந்த சிரிப்பு போய், அருவருப்பு வந்தது. தப்பாகச் சொல்வது ஒன்றும் பெரிய குற்றமில்லை. தப்பு என்று காட்டிய பிறகு, காட்டியவர் கையில் விளக்குமாற்றைக் கொடுப்பவரை என்னவென்று சொல்வது?

அந்த வருடம் மழை பொய்த்தது. பூக்கள் குறைந்து, தோட்டத்தில் மருந்தும் அடித்துவிட, மல்லிகா அக்காவின் பெட்டிகளில் நான்கு நலிந்துபோயின. அக்கா கவலைப்பட்டார். டாக்டருக்கு அது வரப்பிரசாதமாகப் போயிற்று. நலிந்த நான்கையும் வலுவான நான்கோடு சேர்த்துவிடலாம், அமைதி வாசனையைத் தடவிவிட்டால் ஒன்றையொன்று அந்நியம் என்றே எண்ணாது என்றார். ஸ்குவாலீன் எண்ணெய் ஒரு புட்டி வாங்கினார். கோலாலம்பூரிலிருந்து ஆராய்ச்சித் துறைக்காரர்கள் மூன்று பேரை ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கச் சொல்லி அழைப்பும் விடுத்துவிட்டார். நாங்கள் சனிக்கிழமை காலையில் போனோம்.

டாக்டர் முன்வாசலில் காரிலிருந்து சாமான்களை இறக்கிக்கொண்டிருந்தார். நானும் மல்லிகா அக்காவும் பின்பக்கம் பெட்டிகளுக்கு அருகில் நின்றோம். அக்கா ஒரு பெட்டியின் மூடிமேல் கையை வைத்தபடி, மெதுவாகக் கேட்டார்.

"தங்கச்சி, நீ சொல்லு. சேக்கலாமா?"

இந்த இடத்தில் நான் என்னைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. சேர்க்கக்கூடாது என்று எனக்குத் தெரியும். அந்த எண்ணெய்க்கும் தேனீக்கும் சம்பந்தமில்லை என்று எனக்கு மட்டும்தான் தெரியும். ஆனால் மறுநாள் மூன்று பேர் வந்து நிற்பார்கள். அவர்கள் கண்முன்னால் இந்த மனிதர் தோற்க வேண்டும், ஒருமுறையாவது வாயடைத்து நிற்க வேண்டும், அதை நான் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அந்த ஆசை அப்போது எனக்கு நியாயம் மாதிரியே தோன்றியது. ஏதோ கொஞ்சம் தேனீ சாகும், மற்றது பிழைத்துக்கொள்ளும் என்று மனதுக்குள் கணக்கும் சொல்லிக்கொண்டேன்.

"டாக்டர் சொன்னா சரியாத்தான்கா இருக்கும்" என்றேன்.

அக்கா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மூடியைத் திறந்தார்.

டாக்டர் சொல்லச் சொல்ல, எண்ணெயைப் பஞ்சால் வாசல் குழலிலும் பெட்டியின் உள்விளிம்பிலும் தடவியது அக்காதான். அன்றைக்கு மட்டும் டாக்டர் எதையும் தொடவில்லை. நாற்காலி போட்டு உட்கார்ந்து வழி சொன்னார். மதியத்துக்குள் எட்டுப் பெட்டி நான்காயிற்று. இரண்டைத் தொடாமல் விட்டோம். திரும்பும் வழியில் காரில் அவர் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்.

சாயங்காலம் அக்கா எனக்குப் போன் செய்தார். போனைப் பெட்டிப் பக்கம் நீட்டினார். அந்த இரைச்சலை நான் அதற்குமுன் கேட்டதில்லை.

ஞாயிறு காலை போய்ப் பார்த்தபோது, பெட்டிகளுக்குக் கீழேயிருந்த சிமெண்டுத் தரை தெரியவில்லை. கறுப்பாக மூடிக் கிடந்தது. குனிந்து பார்த்தேன். எல்லாம் இரண்டிரண்டாகக் கிடந்தன, ஒன்றின் கழுத்தை ஒன்று கவ்வியபடி. இன்னும் சில உயிரோடு புரண்டுகொண்டிருந்தன. சேர்த்த நான்கு பெட்டியிலும் உள்ளே முட்டையறைகள் கடித்துக் குதறப்பட்டிருந்தன. அக்கா ஒரு துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு, கூட்ட மனசு வராமல் நின்றார்.

கோலாலம்பூர்க்காரர்கள் மூவரும் கால்வாயைத் தாண்டி வந்து சேர்ந்தார்கள். நான் காத்திருந்த நேரம் அதுதான். டாக்டர் தரையைப் பார்த்தார், நெற்றியைத் தேய்த்தார். பிறகு மல்லிகா அக்கா பக்கம் திரும்பி, அவர்கள் மூவருக்கும் கேட்கும்படியாக, ஆனால் மிகவும் கனிவாகக் கேட்டார்.

"தடவுறதுக்கு முன்னாடி கைய நல்லாக் கழுவுனீங்களாம்மா?"

அக்கா கழுவினேன் என்றார். டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டார். சமையல் கை, பெலாச்சான் இறால் விழுதும் வெங்காயமும் எவ்வளவு கழுவினாலும் போகாது, அந்த வாடைதான் சமிக்ஞையைக் குலைத்துவிட்டது, இது நான் எதிர்பார்க்க வேண்டிய விஷயம்தான் என்று விருந்தினர்களிடம் ஆங்கிலத்தில் சொன்னார். மனிதக் கை பட்டால் முடிவுகள் எப்படிக் கெட்டுப்போகும் என்று கால் மணி நேரம் பேசினார். அருமையான பேச்சு. ஒவ்வொரு வரியும் உண்மை. நான் நான்கு வருடமாக அவரிடம் சொல்ல முயன்றதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார். அவர்களில் ஒருவர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

மல்லிகா அக்கா தன் உள்ளங்கையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார்.

அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். அச்செடுத்த தாள் என் பைக்குள்ளேயே இருந்தது. திறக்கவில்லை. இப்போது சொன்னால், நேற்றே ஏன் சொல்லவில்லை என்று அக்கா கேட்பார் என்ற பயம். டாக்டர் தோற்கவில்லை. யாரும் வாயடைத்து நிற்கவில்லை, என்னைத் தவிர.

இரண்டு மாதத்தில் வேலையை விட்டுவிட்டேன். கடைசி நாள் அவர் எனக்கு ஒரு பேனா பரிசளித்து, நீங்கள் நல்ல உழைப்பாளி, சுத்தம்தான் கொஞ்சம் போதாது என்று அறிவுரை சொன்னார். பாயான் பாருவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலைக்குச் சேர்ந்தேன். ஆய்வுக்கூடத்தை அடுத்த வருடம் முதலாளி மூடிவிட்டார் என்றும், டாக்டர் ஜொகூரில் மகள் வீட்டுக்கே குடிபோய்விட்டார் என்றும் கேள்விப்பட்டேன். எனக்கு வருத்தமில்லை. தொழிற்சாலைத் தோழிகளிடம் அவரைப் பற்றிச் சொல்லிச் சிரிப்பேன். ஆயர் ஈத்தாம் பேருந்தும் தைப்பிங் ஏரியும் எங்கள் மதியச் சாப்பாட்டு மேசையில் பிரபலம். பைராம் தோட்டத்துக் கதையை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

மூன்று வருடம் கழித்து நிபோங் திபாலில் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். முகூர்த்தம் முடிந்ததும் மண்டபத்தில் உட்கார முடியவில்லை. ஒரு வண்டி பிடித்து பைராம் தோட்டத்துக்குப் போய்விட்டேன். மல்லிகா அக்கா கொஞ்சம் இளைத்திருந்தார். கால்வாய் ஓரம் ஆறு பெட்டி இருந்தது. இரண்டு நாற்காலியை வெளியே இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். குப்பி, கூம்பு, நெற்றி எண்ணெய், அச்செடுத்த தாள். உங்கள் கையால் எதுவும் நடக்கவில்லை அக்கா, தேனீக்கள் செத்ததற்கு உங்கள் கை காரணமே இல்லை, அவர் சொன்னது பொய் என்றேன். அவர் தோற்பதைப் பார்க்க ஆசைப்பட்டுத்தான் உங்களிடம் மறைத்தேன் என்பதையும் சொன்னேன். மூன்று வருடமாக அந்தக் கையை முகர்ந்தபடி அக்கா என் கண்முன்னாலேயே நின்றுகொண்டிருந்தார். அந்தப் பாரத்தை இறக்கிவைக்க வந்திருக்கிறேன் என்று என்னைப் பற்றி ஒரு நல்ல எண்ணம்கூட எனக்கு அப்போது இருந்தது.

முழுவதையும் கேட்டுவிட்டு அக்கா சொன்னார்.

"என் கையால இல்லன்னு எனக்குத் தெரியும் தங்கச்சி. ரெண்டு நாள் யோசிச்சேன், அப்புறம் தெரிஞ்சிருச்சு. அவருக்கு ஒண்ணும் தெரியாதுன்னு அதுக்கு முந்தியே தெரியும். பேச்சக் கேட்டாலே தெரியும்லா? அதுனாலதான் உன்னைக் கேட்டேன்."

என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அக்காவே மறுபடி பேசினார்.

"அவரு வந்தாரு, தெரியுமா? நீ வேலைய விட்டப்புறம். ரெண்டு வாட்டி. தனியாவே காடிய ஓட்டிக்கிட்டு."

மன்னிப்புக் கேட்டாரா என்றேன். கேட்கும்போதே என் குரலில் பழைய ஏளனம் ஏறியது எனக்கே தெரிந்தது.

"அதெல்லாம் இல்ல. காலிப் பெட்டி முன்னாடி ரொம்ப நேரம் உக்காந்திருந்தாரு. அப்புறம், அது வெயிலாலதான் ஆச்சுன்னு புதுசா ஒண்ணு சொன்னாரு. அதுவும் தப்புதான். ஆனா வந்தாருலா."

மண்டபத்தில் பந்தி ஆரம்பித்திருக்கும், நேரத்தோடு போய்ச் சாப்பிடு என்று சொல்லிவிட்டு, அக்கா தன் நாற்காலியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.